அரை மணி நேரச் சீட்டு

பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

மேசையிலிருந்து தையல் இயந்திரத்தைக் கீழே இறக்கிவிட்டு, அந்த இடத்தில் கணினியை வைத்திருந்தான் பூனை. குண்டூசி டப்பாவை மட்டும் நகர்த்தவில்லை. அதன் மூடிமேல் டீ கிளாஸை வைத்துக்கொண்டான்.

பூனை என்பது அவளுடைய கொழுந்தனின் வீட்டுப் பெயர். அவன் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வெயில் விழும் இடமாகப் பார்த்துச் சுருண்டுகொள்வான். கணினி முன்னால் உட்கார்ந்தால் மட்டும் முதுகு நிமிர்ந்துவிடும்.

“பத்து அடிச்சதும் திறந்துடறேன், அண்ணி,” என்றான்.

அவள் தலையாட்டினாள். கையில் இஞ்ச் டேப் இருந்தது. அளப்பதற்கு ஒன்றுமில்லை. விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

சென்ற வாரம் பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவளை நிறுத்தியதிலிருந்து இப்படித்தான். அவள் நடத்தும் தையல் பாட வீடியோக்களில் அவளுடைய முகம் வராது. இரண்டு கைகளும் குரலும் மட்டும்தான். அந்தக் குரலை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தாள் அந்தப் பெண். நீங்கதானே சட்டை வெட்டச் சொல்லித்தர்றவங்க, நாங்க எல்லாரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம், பெரிய திரையில் போட்டுக் காட்டினாங்க என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். எந்த ஹால் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. அந்தப் பெண் கை காட்டிவிட்டு ஏறிவிட்டாள்.

பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் மட்டும் அவரவர் வீட்டில் பார்க்கவேண்டிய பாடம் அது.

அன்று வீட்டுக்கு வந்து பூனையைக் கேட்டாள். அவன் காதைச் சொறிந்துகொண்டு விளக்கினான். வீடியோக்கள் இந்த வீட்டில் இல்லை. எங்கோ ஒரு கம்பெனியின் பெரிய கிடங்கில் அவர்களுக்கென்று ஒரு அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கிளவுட் என்று சொன்னாலும் கிடங்குதான். முதல் வகுப்பை அவசர அவசரமாகத் தொடங்கியபோது அந்த அறைக்கு அவன் பூட்டே போடவில்லை. முகவரி தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். முகவரி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. யார் கையிலிருந்து என்று சொல்ல வழியில்லை.

அவள் கணவன் அதைக் கேட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றான். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஒரு முறைதான் சொல்வான். ரெடிமேட் தொழிற்சாலையில் அவளுடைய கட்டிங் மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, பேசாமல் அங்கேயே போய்விடு என்றான்.

அது உண்மைதான். சூப்பர்வைசர் அவளுக்காக இன்று மாலை ஐந்து மணி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குமேல் வேறு ஆள் வந்துவிடும்.

பூனை ஒரு வாரம் கேட்டான். அந்த ஒரு வாரத்தில் புதிதாக ஒரு அறை எடுத்து, பூட்டுப் போட்டு, அடுத்த வகுப்பான கோட் தைக்கும் பாடங்களை அதில் ஏற்றினான். இனி முகவரி மட்டும் போதாது. மாணவி தன் பெயரில் உள்ளே வந்து பாடத்தைத் தொட்டால், அந்த நிமிடமே அவளுக்கென்று ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கப்படும். அந்தச் சீட்டைக் காட்டினால்தான் கிடங்கு வீடியோவைத் தரும். சீட்டுக்கு ஆயுள் அரை மணி நேரம். அதற்கப்புறம் அது வெறும் காகிதம். அதை வாங்கி யாருக்கு அனுப்பினாலும் பிரயோஜனமில்லை.

“பாடம் கால் மணி நேரம்தான், அண்ணி. அரை மணி தாராளம்,” என்று அப்போது சொன்னான். அவளுக்கும் தாராளமாகத்தான் தோன்றியது.

இன்று திறப்பு. இது சரியாக ஓடினால் அவள் தொழிற்சாலைக்குப் போகப்போவதில்லை. ஓடாவிட்டால் ஐந்து மணிக்குள் சூப்பர்வைசருக்கு ஃபோன்.

பத்து மணிக்குப் பூனை ஒரு விசையைத் தட்டினான்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“வேற என்ன, ரிப்பனா வெட்டணும்?”

உள்ளறையிலிருந்து கணவன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தான். திரையை எட்டிப் பார்த்தான். ஒவ்வொருவராக உள்ளே வருவது பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தது. அவன் முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததை அவள் கவனித்தாள்.

“அப்ப பழைய அறை?” என்று தம்பியைக் கேட்டான்.

பழைய மாணவிகளையும் ஒவ்வொருவராகப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பதாகவும், அது முடிந்ததும் இன்று சாயங்காலமே பழையதை மூடிவிடலாம் என்றும் பூனை சொன்னான்.

“எதுக்கு அவசரம். அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே.”

பூனை பதில் சொல்வதற்குள் கணவனின் ஃபோன் அடித்தது. எங்கோ ஒரு அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே ஆள் இருக்கிறதாம். அவன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, “டீச்சரம்மா, சாயங்காலம் ட்ரீட் உண்டுல்ல?” என்றான்.

அவள் சிரித்தாள். இந்த ஒரு வாரத்தில் அவன் செய்த முதல் கிண்டல் அது.

பதினொரு மணிவரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

முதல் தகவல் ஒரு வரிதான் வந்தது. டீச்சர், வீடியோ நின்றுவிட்டது. பூனை பார்த்துவிட்டு, அவங்க வீட்டு நெட் சரியில்லை என்றான். இரண்டாவதும் அதே. மூன்றாவது ஆள் கொஞ்சம் கோபமாக எழுதியிருந்தாள். அதன்பிறகு எண்ணுவதை விட்டுவிட்டார்கள்.

பூனை தன் பெயரில் ஒரு மாணவியைப் போல உள்ளே போனான். இரண்டாம் பாடம், கோட்டின் கை. பிஸ்கட் தின்றபடி முதலிலிருந்து கடைசிவரை பார்த்தான். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. இன்னொரு முறை பார்த்தான். அவளுடைய கைகள் திரையில் சாக்பீஸால் கோடு இழுத்தன, வெட்டின, மடித்தன. அவளுடைய குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே போனது.

“எனக்கு வெண்ணெய் மாதிரி ஓடுது, அண்ணி. எத்தனை பேருக்கு நெட் கெட்டுப்போகும் ஒரே நாள்ல?”

அவன் கேட்டது கேள்வி இல்லை. ஆனாலும் அவன் கழுத்து சிவந்திருந்தது.

நின்ற இடமும் ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. ஒருத்திக்குத் தோள் அருகே. ஒருத்திக்கு மணிக்கட்டு அருகே. இன்னொருத்திக்குப் பாடம் முடியப்போகும் இடத்தில். வீடியோ கெட்டிருந்தால் எல்லாருக்கும் ஒரே இடத்தில் அல்லவா நிற்கவேண்டும் என்று பூனை முணுமுணுத்தான்.

நடுவில் கணவன் ஃபோன் செய்தான். லிஃப்டில் இருந்தவரை வெளியே எடுத்தாயிற்றாம். நிலைமையைச் சொன்னாள். அந்தச் சீட்டின் ஆயுளை ஒரு வாரமாக மாற்றிவிடச் சொல், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்றான். பூனையிடம் சொன்னாள்.

“செய்யலாம். ஒரு நொடி வேலை,” என்றான் பூனை. “ஆனா ஒரு வாரம் ஓடுற சீட்டை ஒருத்தி அம்பது பேருக்கு அனுப்பலாம். பழைய கதைதான். ஹால்ல திரை கட்டி உக்காந்துடுவாங்க.”

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டை நீட்டினால் இன்று தப்பிக்கலாம். சத்தம் அடங்கிவிடும். ஐந்து மணிக்கு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அடுத்த மாதம் இன்னொரு பஸ் நிறுத்தத்தில் இன்னொரு பெண் வாயெல்லாம் பல்லாக நிற்பாள்.

“வேண்டாம். முதல்ல ஏன்னு பார்க்கலாம்,” என்றாள்.

கோபமாக எழுதியவளின் எண்ணைத் தேடி எடுத்தாள். அவள் ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறாள். வாரத்தில் இன்று ஒரு நாள்தான் அவள் கடைக்கு லீவு. அந்த நாளை இதற்காக ஒதுக்கி வைத்திருந்தாளாம். எடுத்த எடுப்பில் அதைத்தான் சொன்னாள். இவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டாள்.

“வீடியோ நின்னப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?”

“என்ன பண்ணுவாங்க? வெட்டிக்கிட்டிருந்தேன்.”

“வெட்டும்போதேவா நின்னுச்சு?”

“இல்லங்க. நான்தான் நிறுத்தி வெச்சேன். நீங்க பாட்டுக்கு சர்ருனு வெட்டிட்டுப் போயிடறீங்க. எனக்கு அப்படி வருமா? நிறுத்தி வெச்சு, கோடு போட்டு, சரியா இருக்கான்னு நாலு தடவை பார்த்து, பயந்து பயந்து ஒரு கை வெட்டினேன். அடுத்த கைக்கு வந்து ஓடவிட்டா ஓடல. ஒத்தைக் கை கோட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் இங்க.”

அவள் ஃபோனைக் கீழே வைத்தாள். பூனை பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, நீ அந்தப் பாடத்தை எத்தனை தடவை பார்த்தே?”

இந்த வாரத்தில் கணக்கே இல்லை என்றான்.

“பார்த்தியா, வெட்டினியா?”

பூனை பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டான்.

அதற்குமேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. சினிமா பார்ப்பவர்கள் உட்கார்ந்த இடத்தில் பார்த்து முடிப்பார்கள். தைக்கக் கற்றுக்கொள்பவர்கள் பார்ப்பது கொஞ்சம், நிறுத்துவதுதான் அதிகம். கால் மணி நேரப் பாடத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அவர்கள் துணியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே சீட்டு செத்துவிடுகிறது. நிமிர்ந்து ஓடவிட்டால், மீதி வீடியோவைத் தர மறுக்கிறது கிடங்கு. யார் எங்கே நிறுத்தினார்களோ அங்கே நிற்கிறது.

அவன் கால் மணி என்று கணக்குப் போட்டது வீடியோவின் நீளத்தை. அது சரிதான். ஆனால் கோட்டின் கையை வெட்டத் தான் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியைக்கூட வீடியோவில் விட்டுவைக்காமல் நறுக்கி எறிந்தவளும் அவள்தான். பார்ப்பவர்களுக்குச் சலிப்பாக இருக்கும் என்று. இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்த அரை மணி நேரத்தைத் தாராளம் என்று நினைத்திருக்கிறார்கள்.

“தொழிற்சாலையில புதுசா வர்ற பொண்ணுக்கு முதல் நாள் ஒரு கை வெட்டத்தான் குடுப்போம்,” என்றாள். “மத்தியானம் ஆயிடும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் தலையாட்டினேன் பாரு.”

பூனை ஏற்கெனவே விசைகளைத் தட்டத் தொடங்கியிருந்தான். சீட்டின் ஆயுளை நீட்டப்போவதில்லை. இன்னும் குறைக்கப்போகிறான். மாணவி தன் பெயரில் உள்ளே இருக்கும்வரை, பழைய சீட்டு சாவதற்கு முன்னால் புதுச் சீட்டு ஒன்றை அவளுக்குத் தெரியாமலேயே கையில் திணித்துவிடுவது. நிறுத்திய இடத்திலிருந்தே ஓடும். வெளியே அனுப்பினால் போய்ச் சேருவதற்குள் செத்துவிடும். எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டாள். நாலு மணி ஆகலாம் என்றான். சரியாக வருமா என்று அவள் கேட்கவில்லை.

மாணவிகளுக்கு அவளே எழுதினாள். தப்பு எங்கள் பக்கம். உங்கள் நெட்டில் ஒன்றுமில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிட்டு வாருங்கள். நாலு மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

மருந்துக்கடைக்காரி மட்டும் பதில் போட்டாள். ஒத்தைக் கையோடு காத்திருக்கிறேன்.

மூன்றரைக்கே பூனை நாற்காலியைப் பின்னால் தள்ளினான். பார்த்துவிடலாம் என்றான். பார்த்தால் போதாது என்று அவள் பீரோவிலிருந்து ஒரு பழைய படுக்கை விரிப்பை எடுத்து அவன் மடியில் போட்டாள். கத்தரிக்கோலையும் சாக்பீஸையும் மேலே வைத்தாள்.

“அண்ணி, எனக்கு வட்டமே ஒழுங்கா வரையத் தெரியாது.”

“அவங்களுக்கு மட்டும் தெரியுமா? உக்காரு.”

பூனை வெட்டினான். ஓடவிட்டான், நிறுத்தினான், வரைந்தான், அழித்தான். திரையில் இருந்த அவளுடைய குரல் நிறுத்தி நிறுத்திப் பேசியது. பக்கத்தில் நின்ற அவள் வாயைத் திறக்கவில்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு அவன் கையின் தோள் வளைவை வெட்டியபோது, வெட்டுகிற கையைவிட நாக்குத்தான் அதிகம் திரும்பியது. நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தான். வேண்டுமென்றே ஜன்னலருகே நின்று தெருவைப் பார்த்தான். சீட்டு சாக வேண்டிய நேரம் வந்தது, போனது.

திரும்பி வந்து விரலை விசைமேல் வைத்தான். அவள் இஞ்ச் டேப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

‘இப்போது அடுத்த கைக்குத் துணியைத் திருப்பிப் போடுங்கள்’ என்றது அவளுடைய குரல். விட்ட இடத்திலிருந்து.

பூனையின் முதுகு மெல்ல வளைந்து நாற்காலியில் சாய்ந்தது. அவன் வெட்டிய இரண்டு துண்டுகளையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். முதல் கையைப் போட்ட மாதிரியே துணியைத் திருப்பாமல் இரண்டாவதையும் முன்கூட்டியே வெட்டியிருந்தான்.

“ரெண்டும் இடது கை,” என்றாள்.

“அப்படி ஒருத்தன் இருக்கக்கூடாதா?”

“உனக்குப் பொண்ணு பார்க்கும்போது சொல்லிடறேன்.”

நாலு மணிக்குத் திறந்தார்கள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவை அணையவில்லை. அரை மணி போனது. அதற்குமேலும் போனது. ஒரு தகவலும் வரவில்லை. தகவல் வராதது இத்தனை நிம்மதியாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. கடைசியில் மருந்துக்கடைக்காரியிடமிருந்து ஒரு படம் வந்தது. தரையில் விரித்த இரண்டு கைகள். ஒன்று இடது, ஒன்று வலது. கொஞ்சம் கோணல்தான். கோணலைப் பற்றி நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஐந்து மணி அடிப்பதற்கு முன்னால் சூப்பர்வைசரை அழைத்தாள். வரவில்லை என்று சொன்னாள். அவர் நல்ல மனிதர். யோசித்துத்தானே சொல்றீங்க என்று கேட்டார். யோசிச்சாச்சு சார் என்றாள். அவளுடைய மேசையை ஜன்னல் பக்கமிருந்து நகர்த்தப்போவதாகச் சொன்னார். நகர்த்துங்க என்றாள். ஃபோனை வைத்தபின் சிறிது நேரம் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

கணவன் வரும்போதே கிரீஸ் வாசனை முன்னால் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பூனை சொன்னான். தொழிற்சாலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதை அவள் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். நல்லதுதான் என்றான். ஏதோ சொல்ல வந்தவன் போல நின்றான். பிறகு ஃபோனை அயர்ன் மேசையில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

அவனிடம் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஊரின் மறு கோடியில் தையல் பள்ளி வைத்திருக்கும் அவனுடைய அக்காவுக்கு வகுப்பு நன்றாக ஓடுவதை அவனே சொல்லட்டும். வகுப்பு தொடங்கியபோது, காசு குடுத்துப் படம் பார்த்து யாரும்மா தையல் கத்துப்பா என்று கேட்டவர் அவர். கோபமில்லை. சும்மா சொல்லட்டும்.

“அண்ணி, பழைய மாணவிங்க எல்லாரும் புது இடத்துக்கு வந்துட்டாங்க,” என்றான் பூனை. “பழைய அறையில இனிமே நம்ம ஆளுங்க யாரும் இல்ல. ஆனா யாரோ இப்பவும் உள்ள பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க. மூடிடவா? அண்ணன் கிடக்கட்டும்னான்.”

குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“மூடு,” என்றாள்.

அவன் ஒரு விசையைத் தட்டினான். காலையில் தட்டியதைவிடச் சத்தம் குறைவாக இருந்தது. பிறகு எழுந்து கணினியைத் தூக்கிக்கொண்டு தன் மூலைக்குப் போய்விட்டான். அவள் தையல் இயந்திரத்தைத் தரையிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்தாள். குண்டூசி டப்பாவின் மூடியில் டீ வட்டம் ஒன்று காய்ந்திருந்தது. முந்தானையை எடுக்கப் போனவள், பூனை வெட்டிய இடது கைகளில் ஒன்றால் அதைத் துடைத்தாள்.

அயர்ன் மேசையில் கணவனின் ஃபோன் அடித்தது. திரையில் அக்கா என்று வந்தது. இந்த வீட்டில் யார் ஃபோன் அடித்தாலும் பக்கத்தில் இருப்பவர்கள்தான் எடுப்பார்கள். எடுத்துக் காதில் வைத்தாள். வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் தாழ்ந்த, அவசரமான குரல் தொடங்கிவிட்டது. அதன் பின்னால் பெண்கள் பலர் ஒரே கூடத்தில் பேசும் இரைச்சல்.

“டேய், நீ குடுத்த லிங்க் திடீர்னு திறக்க மாட்டேங்குதுடா. பொண்ணுங்க எல்லாம் கத்தரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டுத் திரையைப் பார்த்து உக்காந்திருக்குதுங்க. உன் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோச்சா?”